சுஷியும் கலோரிக் கணக்கும்: எங்கே தவறு நடக்கிறது?

கலோரி பார்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு வெளியில் கிடைக்கும் உணவுகளில் ஜப்பானிய உணவான சுஷி நல்ல தேர்வு. அதில் மீன் இருக்கிறது, பழைய பாணி வகைகளில் எண்ணெய் கிட்டத்தட்ட இல்லை, துண்டு துண்டாக வருவதால் எவ்வளவு சாப்பிட்டோம் என்பதும் தெரிகிறது. ஆனாலும் "சுஷிதானே சாப்பிட்டேன், எடை ஏன் அசையவே இல்லை?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் சாப்பிட்டதைக் கேட்டுப் பார்த்தால், மீனை மட்டும் கணக்கில் எடுத்திருப்பார்கள். கலோரியில் பெரும்பங்கு சோற்றிலும், மீனோடு சேர்ந்து வரும் மயோனைஸ், பொரித்த மாவு போன்றவற்றிலும் இருக்கிறது. இந்த இரண்டையும் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் சின்னச் சின்னத் திருத்தங்கள்தான்.

சோற்றை மறந்துவிடுவது

சுஷிக்கு அடிப்படையே வினிகர் கலந்த சோறுதான். மேலே வைக்கும் மீன் மாறலாம், மீனே இல்லாமல் வெள்ளரிக்காயோ முட்டையோ வரலாம். சோறு மட்டும் இருந்தே தீரும். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி. சுஷிச் சோற்றில் சர்க்கரையும் சேர்வதால் 150 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு.

இப்போது ஒரு நிகிரியை எடுத்துக்கொள்வோம். கையால் நீள்வட்டமாகப் பிடித்த சோறு, அதன் மேல் ஒரு மீன் துண்டு. அந்தச் சோறு பொதுவாக 15 முதல் 20 கிராம், மீன் 10 முதல் 15 கிராம். 8 நிகிரி சாப்பிட்டால் சோறு 160 கிராம் வரை, அதாவது 240 கலோரி. மீன் சுமார் 100 கிராம். அது கொழுப்புக் குறைந்த சூரை மீனாக இருந்தால் 110 முதல் 125 கலோரி, பண்ணையில் வளர்த்த சால்மனாக இருந்தால் 200 பக்கம் வரும். மொத்தத்தில் 350 முதல் 450 கலோரி. ஒரு வேளைக்கு அது நியாயமான சாப்பாடு, புரதமும் 20 கிராமுக்கு மேல் கிடைத்துவிடும்.

ரோல், அதாவது சோற்றையும் உள்ளே வைக்கும் பொருளையும் கடற்பாசித் தாளோடு சுருட்டித் துண்டு போடுவது, வேறு மாதிரி. ஒரே ஒரு பொருளை உள்ளே வைத்துச் சுருட்டும் மெல்லிய ரோலில் சோறு 80 கிராம் போலத்தான் இருக்கும். சோறு வெளியே தெரியும்படி சுருட்டும் தடித்த ரோலில் 120, 150 கிராம் வரை போகும், சில இடங்களில் அதற்கும் மேல். அப்படி இரண்டு ரோல் சாப்பிட்டால் சோறு மட்டுமே 300 கிராம், 450 கலோரி. சோற்றை அழுத்திச் சுருட்டுவதால் அளவு சிறிதாகத் தெரிகிறது. அதே சோற்றை உதிர்த்துத் தட்டில் போட்டிருந்தால் பலரும் பாதியில் நிறுத்தியிருப்பார்கள்.

சோற்றில் கலக்கும் சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை. அதை நினைத்தே சுஷியை ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுச் செய்முறைகளில் பொதுவாக 300 கிராம் அரிசிக்கு இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை சொல்வார்கள். அது 25 கிராம், 100 கலோரி. அந்த அரிசி வெந்தால் 650 கிராம் சோறாகும். ஆக 100 கிராம் சோற்றுக்குச் சர்க்கரை சேர்ப்பது 15 கலோரிதான். கடைகளில் இன்னும் கொஞ்சம் தாராளமாகப் போடுவார்கள் என்றாலும் பெரிய மாற்றம் இல்லை. எவ்வளவு சோறு உள்ளே போகிறது என்பதைப் பார்த்தால் போதும். ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டியவர்கள் மட்டும் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கும் சர்க்கரையைவிட அந்த வெள்ளைச் சோற்றின் அளவே முதல் கேள்வி.

"எட்டு துண்டுதான் சாப்பிட்டேன்"

கலோரிச் செயலிகளில் "சுஷி, 1 துண்டு" என்று தேடி, வருகிற முதல் எண்ணைப் பதிவு செய்வது மிகப் பரவலான தவறு. துண்டு என்பது ஒரு அளவே இல்லை. வெள்ளரிக்காய் வைத்த மெல்லிய ரோல், ஜப்பானியர்கள் கப்பா மாகி என்பது, 6 துண்டுக்கு 130 முதல் 150 கலோரி. சூரை வைத்த மெல்லிய ரோல் 180 போல. நண்டுக்குச்சியும் அவகாடோவும் வைத்த கலிபோர்னியா ரோல் 8 துண்டுக்கு 250 முதல் 300. பொரித்த இறால் வைத்த டெம்புரா ரோல் 500ஐத் தொடும். ஒரு துண்டுக்கு என்று பிரித்துப் பார்த்தால் 25 கலோரியிலிருந்து 60 கலோரி வரை. எட்டு துண்டு என்று மனதில் வைத்துக்கொண்டால், எந்த எட்டு என்பதைப் பொறுத்துக் கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் மாறிவிடும்.

அதனால் ரோலின் வகையைச் சொல்லித் தேடுங்கள். அது கிடைக்காவிட்டால் சோற்றின் எடையை ஊகித்து, அதன் மேல் மீனையும் கொழுப்பையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். கொஞ்சம் கூடவே ஊகிப்பது நல்லது, ஏனென்றால் வெளியில் சாப்பிடும் உணவைக் குறைத்து மதிப்பிடுவதுதான் எல்லோருக்கும் பழக்கம்.

மெனுவில் சில சொற்களைக் கடந்து போய்விடுவது

எடைக் குறைப்பு அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான்.

இன்று நாம் அறிந்த நிகிரி 19-ஆம் நூற்றாண்டு எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், கடைத்தெருவில் நின்றபடி சாப்பிடும் உணவாக வளர்ந்தது. சோறு, மீன், கொஞ்சம் வசாபி என்ற காரமான பச்சை விழுது, சோயா சாஸ், அவ்வளவுதான். கலிபோர்னியா ரோலும் அதன் வழியில் வந்த பெரிய ரோல்களும் வட அமெரிக்காவில் 1960, 70-களுக்குப் பிறகு உருவானவை. அவற்றில் அவகாடோ வந்தது, பிறகு மயோனைஸ், கிரீம் சீஸ், பொரித்த மாவுத்தூள் எல்லாம் வந்தன. அவை ருசியானவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் "சுஷி ஆரோக்கியமானது" என்று நாம் கேள்விப்பட்டது முதல் வகையைப் பற்றி. தட்டில் வருவது பெரும்பாலும் இரண்டாவது வகை.

கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தும் புரதமும் 4 கலோரி. ஒரு மேசைக்கரண்டி மயோனைஸே 90 முதல் 100 கலோரி. "ஸ்பைசி" என்று பெயரில் இருந்தால், அந்தக் காரம் பெரும்பாலும் மிளகாய் கலந்த மயோனைஸ் வழியாகத்தான் வருகிறது. பச்சை மிளகாயும் மிளகாய்த்தூளும் கலோரி சேர்க்காது என்று நினைத்து இந்த ரோலை எடுப்பவர்கள் ஏமாந்து போவது இதனால்தான். "கிரிஸ்பி", "கிரஞ்சி" என்றால் பொரித்தது. எண்ணெய் குடித்த மாவு மேலேயும் தூவப்பட்டிருக்கும். "கிரீமி" என்றால் கிரீம் சீஸ், 30 கிராமுக்கு 100 கலோரி. விலாங்கு மீன் சுஷியின் மேல் பளபளவென்று தடவியிருப்பது சர்க்கரையும் சோயாவும் காய்ச்சிய இனிப்புச் சாஸ். வெள்ளைச் சாஸ் கோடு கோடாகப் போட்டிருந்தால் அதுவும் மயோனைஸ்தான்.

இவற்றை ஒரேயடியாக விட்டுவிடச் சொல்லவில்லை. சாஸைத் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்கலாம், பாதியைத் தொட்டுச் சாப்பிட்டாலே ஐம்பது கலோரி மிச்சம். மேலே தூவும் பொரித்த மாவு வேண்டாம் என்று சொல்லலாம். நான்கு பேர் போனால் டெம்புரா ரோல் ஒன்றைப் பகிர்ந்துகொண்டு, ஆளுக்கு இரண்டு துண்டு ருசி பார்க்கலாம். எனக்குத் தெரிந்தவரை இந்தக் கடைசி வழிதான் நீண்ட நாள் தாங்குகிறது. பிடித்த ரோலை முழுக்கத் தடை செய்தவர்கள் ஒருநாள் மூன்று ரோலாகச் சாப்பிட்டுவிடுகிறார்கள்.

ஆரோக்கியமாகத் தெரிவதை அளவில்லாமல் சாப்பிடுவது

பழுப்பரிசிச் சுஷிக்கு மாறிவிட்டால் கலோரி இறங்கிவிடும் என்று நினைக்கிறார்கள். நார்ச்சத்து கூடும், வயிறு கொஞ்சம் நேரம் நிறைந்திருக்கும், அந்த வகையில் நல்லது. கலோரியில் வித்தியாசம் மிகக் குறைவு. பழுப்பரிசி என்ற தைரியத்தில் ஒரு ரோல் கூடுதலாக எடுத்தால் கணக்கு தலைகீழாகிவிடும்.

சிராஷியும் அப்படித்தான். அது கிண்ணத்தில் சுஷிச் சோறு போட்டு மேலே மீன் பரப்பியது. ரோல் இல்லை என்பதால் லேசானது போலத் தோன்றும். மீனுக்கு அடியில் 200 முதல் 300 கிராம் சோறு இருக்கும். பாதிச் சோறு போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுவது எளிது, வைத்துக்கொண்டு விட மனம் வராது. கடற்பாசி சாலட்டில் நல்லெண்ணெயும் சர்க்கரையும் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள். நண்டுக்குச்சி என்பது உண்மையில் நண்டு இல்லை, வெள்ளை மீனை அரைத்து மாவும் சர்க்கரையும் உப்பும் சேர்த்துச் செய்தது. கலோரி அதிகமில்லை, ஆனால் மீனில் கிடைக்கும் அளவு புரதத்தை அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

நேர் எதிர்த் தவறு: சோறே வேண்டாம் என்பது

சோற்றில்தான் கலோரி என்று தெரிந்ததும் சஷிமி மட்டும் சாப்பிடத் தொடங்குகிறவர்கள் உண்டு. சோறு இல்லாத வெறும் மீன் துண்டுகள். 100 கிராம் சூரையில் 23, 24 கிராம் புரதம், அதனால் கணக்குப்படி பார்த்தால் இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் சுஷி சாப்பிட ஆசைப்பட்டுப் போனவருக்கு ஆறு துண்டு மீன் மட்டும் வந்தால் மனமும் நிறையாது, வயிறும் நிறையாது. வீட்டுக்கு வந்து பிஸ்கட் டப்பாவைத் திறப்பார். இன்னொன்று, மீன் என்றால் எல்லாம் ஒன்றில்லை. சூரையின் கொழுப்பு நிறைந்த வயிற்றுச் சதை, ஓடோரோ என்பது, 100 கிராமுக்கு 300 கலோரி அளவில் இருக்கும். அதே மீனின் சிவப்புச் சதையைப் போல இரண்டரை மடங்கு. இறால், கணவாய், வெள்ளை மீன்கள் எல்லாம் கலோரி குறைந்தவை.

இரண்டையும் கலப்பதுதான் என் தேர்வு. புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப் ஒரு கிண்ணம், தோல் உரித்த எடமாமே (இளம் சோயாபீன்ஸ்) ஒரு கைப்பிடி, 6 துண்டு சஷிமி, 6 நிகிரி. நிகிரியில் சோறு 120 கிராமுக்குள், மீன் எல்லாம் சேர்த்து 130, 140 கிராம். மொத்தம் 500 கலோரிக்குப் பக்கத்தில் நிற்கும், புரதம் 35 கிராமைத் தாண்டும். ரோல் வேண்டும் என்றால் நிகிரிக்குப் பதிலாக ஒரு மெல்லிய ரோல். சூப்பையும் எடமாமேவையும் முதலில் சாப்பிடுங்கள். நிகிரி ஒரே வாயில் போகிற உணவு, பசியோடு தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் தட்டு காலியாகிவிடும். வயிறு நிறைந்த உணர்வு வர அதைவிட நேரம் பிடிக்கும்.

சாயங்காலத்துக்காகக் காலையிலிருந்து பட்டினி

அளவில்லாமல் பரிமாறும் இடத்துக்கு இரவு போகிறோம் என்று பகல் முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் இருப்பது பயன் தராது. அந்தப் பசியில் யாராலும் எண்ண முடியாது. மதியம் முட்டை, தயிர், காய்கறி என்று புரதமும் நார்ச்சத்தும் உள்ள சின்னச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போங்கள், அப்புறம் எத்தனை துண்டு என்பதை உட்காரும் முன்பே முடிவு செய்யுங்கள். தட்டுகள் சுழன்று வரும் கடை என்றால் ஒரு வசதி இருக்கிறது. காலித் தட்டுகள் மேசையிலேயே அடுக்கியிருக்கும். பில்லுக்காக வைத்த அந்த அடுக்கே உங்கள் கணக்கும் ஆகும். பானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 180 மில்லி சாகே (அரிசியில் செய்யும் ஜப்பானிய மது) 190 கலோரி போல, 350 மில்லி பீர் 140 முதல் 150. கிரீன் டீயில் எதுவும் இல்லை.

வீட்டில் செய்தால் இந்தத் தொல்லைகள் பாதி குறையும். தராசில் சோற்றை நிறுத்துவிட்டுச் சுருட்டலாம். பச்சை மீன் வேண்டும் என்றால் அதற்கென்று முறையாக உறைய வைத்து விற்பதை மட்டும் வாங்குங்கள். வேகவைத்த இறால், முட்டை, வெள்ளரி வைத்தும் அருமையாகச் செய்யலாம். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் பச்சை மீனைத் தவிர்க்க வேண்டும், அது கலோரிக்கு அப்பாற்பட்ட விஷயம். பாதரசம் சேரும் பெரிய சூரை வகைகளையே வாரம் முழுக்கச் சாப்பிடாமல் மீனை மாற்றி மாற்றி எடுப்பதும் நல்லது.

மறுநாள் காலைத் தராசைப் பார்த்துப் பயப்படுவது

சோயா சாஸில் கலோரி அநேகமாக இல்லை, ஒரு மேசைக்கரண்டிக்கு 10 போலத்தான். ஆனால் அந்த ஒரு கரண்டியில் சோடியம் சுமார் 900 மில்லிகிராம். ஒரு நாளைக்கே 2000 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோற்றிலும் சூப்பிலும் உப்பு ஏற்கெனவே இருக்கிறது. நிகிரியைத் திருப்பிப் பிடித்து மீன் பக்கத்தை மட்டும் சோயாவில் தொடுங்கள். சோற்றுப் பக்கம் தொட்டால் அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும், சோறும் உதிரும்.

உப்பு உடலில் நீரைப் பிடித்து வைக்கும். சோற்றின் மாவுச்சத்து தசையில் கிளைகோஜனாக, அதாவது உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்தாகச் சேரும்போது ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் நீரையும் கூட்டிக்கொண்டு சேர்கிறது. அதனால் சுஷி சாப்பிட்ட மறுநாள் தராசு ஒரு கிலோ கூடக் காட்டினால் அது கொழுப்பு இல்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர 7000 கலோரிக்கு மேல் அதிகப்படியாகச் சாப்பிட்டிருக்க வேண்டும், எந்த சுஷித் தட்டிலும் அவ்வளவு வராது. அந்த எண்ணைப் பார்த்து மறுநாள் சாப்பாட்டைப் பாதியாக வெட்டாதீர்கள். வழக்கமான அளவில் சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடித்து, இரண்டு மூன்று நாள் கழித்து அதே நேரத்தில் மறுபடி நின்று பாருங்கள்.