நூலகத்திலிருந்து வலை வடிவமைப்புக்கு: முதல் தளத்தை முடிப்பது எப்படி?

பல வருடம் நூல்களுக்கு வகைப்பாட்டு எண் போட்டுவிட்டு வலை வடிவமைப்புக்கு வந்தவள் நான். இதே பாதையில் கிளம்புகிறவர்களுக்காக, என் முதல் தளத்தை முடித்த வரிசையிலேயே எழுதுகிறேன். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் அடிப்படை பழகியிருந்தால் போதும்.

1. அட்டையில் தொடங்குங்கள்

நிறம், எழுத்துரு எதையும் இப்போது தொட வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தின் பெயரையும் ஓர் அட்டையில் எழுதி, நூலகத்தில் வேலை பார்க்காத ஐந்து பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து இனம் பிரிக்கச் சொல்லுங்கள். பயிற்சிக்கு நான் எடுத்தது ஒரு நூலகத் தளம். ‘நூல் புதுப்பித்தல்’ அட்டையை ‘சர்குலேஷன்’ (நூல் கொடுத்து வாங்கும் பிரிவை நூலகத்தில் அப்படித்தான் சொல்வோம்) என்ற தலைப்பின் கீழ் வைத்திருந்தேன். ஐந்து பேருமே அதை ‘என் கணக்கு’ப் பக்கம் நகர்த்தினார்கள். சர்குலேஷன் என்றால் ரத்த ஓட்டமா என்று ஒருவர் கேட்டார். அன்றே மெனு முழுவதையும் மாற்றி எழுதினேன். ‘வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து’ என்று நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் தன் ஐந்து நூலக விதிகளில் சொன்ன நான்காம் விதிதான் இன்றும் மெனுவுக்கு என் அளவுகோல்.

2. தலைப்பு அடுக்கு

நூல்களை எண்ணால் இனம் பிரிக்கும் டூயி முறையில் 500 (அறிவியல்), அதற்குள் 590 (விலங்குகள்), அதற்குள் 598 (பறவைகள்) என்று இறங்குகிறோம் அல்லவா? எச்டிஎம்எல்லின் தலைப்பு டேக்குகளான எச்1, எச்2, எச்3 அப்படித்தான். எழுத்தின் அளவு பிடித்திருக்கிறது என்பதற்காக எச்2-ஐத் தாண்டி எச்4-க்குப் போகாதீர்கள். திரைவாசிப்பான் (பக்கத்தைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள்) பயன்படுத்துகிறவர்களில் பலர் தலைப்பு விட்டுத் தலைப்பு தாவித்தான் பக்கத்தைப் படிக்கிறார்கள்.

3. கைபேசி

மூன்று நாள் என்னை அலைக்கழித்தது இதுதான். 600 பிக்சலுக்குக் கீழே மெனு ஒரே நெடுவரிசையாக மாறும்படி மீடியா குவெரி (திரை அகலத்தைப் பார்த்து வேலை செய்யும் சிஎஸ்எஸ் விதி) எழுதியிருந்தேன். கணினியில் ஜன்னலைக் குறுக்கினால் அழகாக மாறியது. கைபேசியில் திறந்தால் முழுப் பக்கமும் சுருங்கி, எறும்பு எழுத்தில் நின்றது. சிஎஸ்எஸ்ஸை வரி வரியாகத் தேடினேன்; தவறு அங்கே இல்லவே இல்லை. ஹெட் பகுதியில் வியூபோர்ட் மெட்டா டேக் விட்டுப்போயிருந்தது. அது இல்லாவிட்டால் கைபேசி உலாவி தன் திரை சுமார் 980 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொண்டு பக்கத்தை வரைகிறது. 600-க்கான விதி எப்படி வேலை செய்யும்? டேக்கின் கன்டென்ட்டில் ‘விட்த்’ மதிப்பு ‘டிவைஸ்-விட்த்’ என்றும், ‘இனிஷியல்-ஸ்கேல்’ 1 என்றும் இருக்கட்டும். புதுக் கோப்பு திறந்தால் நான் முதலில் அடிக்கும் வரி இது.

4. நிறம்

சுருக்கமாக: சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடாவது வேண்டும். வெளிர் சாம்பல் எழுத்தைக் கைவிடுங்கள்.

கருவிகளில் கோடு எழுத விஎஸ் கோடும், பார்த்துச் சோதிக்க ஃபயர்பாக்ஸ் உலாவியும் போதும். இழுத்துப் போட்டுப் பக்கம் கட்டும் கருவிகளை முதல் தளத்துக்குத் தொடாதீர்கள். முன்பு சொன்ன வியூபோர்ட் மெட்டா டேக்கை அவையே போட்டுவிடும். அப்படி ஒன்று இருப்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

5. வேலை கேட்கும்போது

தளத்தைக் கிட்ஹப் பேஜஸ் என்ற சேவையில் இலவசமாக இணையத்தில் ஏற்றலாம். கூடவே அட்டைகளின் படம், பழைய மெனு, புதிய மெனு, மாற்றியதற்கான காரணம் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வையுங்கள். நேர்காணலில் என்னிடம் அதிகம் கேட்டது அந்த அட்டைகளைப் பற்றித்தான்.

பிற்சேர்க்கை: வியூபோர்ட் டேக் போட்ட பிறகும் பக்கம் பக்கவாட்டில் நகர்கிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். இரண்டு இடத்திலும் காரணம் அகலமான படம். படங்களுக்கு ‘மேக்ஸ்-விட்த்’ 100 சதவீதம், ‘ஹைட்’ ஆட்டோ என்று கொடுத்ததும் சரியாகிவிட்டது.