படிப்புக்கான இணையதளத்தைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரெக்கார்டிங்கை ஆன் செய்ய மறப்பது, பாதியில் நெட் போவது, சொன்ன நேரத்துக்கு ஆள் வராதது பற்றியெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. முதல் வாரத்திலேயே பட்டுத் தெரிந்துகொள்வீர்கள். பட்டாலும் தெரியாத தவறுகள் சில உண்டு. ஆய்வு நன்றாக நடந்த மாதிரியே இருக்கும், அறிக்கையைப் பார்த்து எல்லோரும் தலையாட்டுவார்கள், தளமும் மாறும். விண்ணப்பிக்க வருபவர் மட்டும் முன்போலவே முழித்துக்கொண்டு நிற்பார். பல்கலைக்கழகத் துறைகளில் யூசபிலிட்டி ஆய்வில், அதாவது பயனர் ஒருவரைத் தளத்தின் முன் உட்கார வைத்து அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்க்கும் வேலையில், புதிதாக இறங்குபவர்களோடு உட்கார்ந்து பார்க்கும்போது, நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள் வரிசைகூட மாறாமல் வருகின்றன.

வராந்தாவில் போகிறவரைப் பிடித்து உட்கார வைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். முதுநிலைப் படிப்பின் தளத்தைப் புதுப்பிக்க வேண்டும். சோதனைக்கு ஆள் தேடினால், கைக்கு எட்டும் தூரத்தில் துறையின் சொந்த மாணவர்களே இருக்கிறார்கள். ஒரு மெயில் போட்டால் மாலைக்குள் பட்டியல் நிரம்பிவிடும். வேலை சுலபம், செலவும் இல்லை. "அவங்களும் ஒரு காலத்துல விண்ணப்பிச்சு வந்தவங்கதானே?" என்று யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்.

வந்தவர்கள்தான். ஆனால் ஒரு முறை தெரிந்துகொண்டதைத் தெரியாததாக்கிக்கொள்ள யாராலும் முடியாது. க்ரெடிட், எலெக்டிவ், கோர் பேப்பர் எல்லாம் அவர்களுக்குத் தினம் புழங்கும் சொற்கள். கட்டணத்தை நிதிப்பிரிவு பார்க்கிறது, நிதியுதவியைத் துறை பார்க்கிறது என்பதும் தெரியும். இருட்டிலும் தன் வீட்டுக்குள் சுவரில் மோதாமல் நடப்பவரை வைத்து அந்த வீட்டில் வெளிச்சம் போதுமா என்று பார்ப்பதால் என்ன பயன்?

ஒரு துறையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். "இந்தப் படிப்பை முடிக்க மொத்தம் எவ்வளவு செலவாகும் என்று கண்டுபிடியுங்கள்" என்பது டாஸ்க், அதாவது சோதனைக்கு வந்தவர் தளத்தில் செய்து காட்ட வேண்டிய வேலை. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் மெனுவைத் தொடவே இல்லை. நேராகப் பக்கத்தின் அடிக்குப் போய் நிதிப்பிரிவின் லிங்க்கை அழுத்தினார். பிடிஎஃப் திறந்தது, தொகையைச் சொன்னார். நடத்தியவர் 'வெற்றி, சிரமம் இல்லை' என்று குறித்துக்கொண்டார். வந்த எல்லோருமே துறை மாணவர்கள், எல்லோருக்கும் இதே குறிப்புதான். கட்டணம் பற்றிய பகுதி அப்படியே இருக்கட்டும் என்று முடிவாகி, புதிய தளம் சேர்க்கை தொடங்கும் நேரத்தில் வெளியானது.

பிறகு ஒருங்கிணைப்பாளரின் இன்பாக்ஸ் நிரம்பியது. கட்டணம் எவ்வளவு, அது ஒரு பருவத்துக்கா ஒரு வருடத்துக்கா, பரிந்துரைக் கடிதம் இல்லாமல் படிவத்தைச் சமர்ப்பிக்க முடியுமா என்று ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. வேலையில் இருந்துகொண்டு விண்ணப்பிக்க யோசிக்கும் ஒருவரிடம் அதே டாஸ்க்கைக் கொடுத்துப் பார்த்தோம். முதலில் 'சேர்க்கை', அடுத்து 'நிதியுதவி'. அங்கே பாதிக் கட்டணச் சலுகை உண்டு என்று இருந்தது, எதில் பாதி என்று இல்லை. 'கேள்வி பதில்' பகுதியை மேலிருந்து கீழ்வரை தேய்த்துவிட்டு, "விடுங்க, மெயில் போட்டுக் கேட்டுக்கறேன்" என்றார். பக்கத்தின் அடியில் இருந்த அந்த லிங்க் வரை அவர் போகவே இல்லை.

கடையிலோ வங்கியிலோ இப்படி நடந்தால் அடுத்த வாரம் திருத்திவிடலாம். பல்கலைக்கழகத்தில் சேர்க்கை வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ முறைதான். அந்தப் பருவம் போனால் போனதுதான். குழம்பித் திரும்பிப் போனவர் புகார் எழுதமாட்டார், வேறு இடத்தில் விண்ணப்பித்துவிடுவார். அவர் உங்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

சரி, வெளியாட்களை எங்கே பிடிப்பது? முதலில் ஒருங்கிணைப்பாளரிடம் போங்கள். கேள்வி கேட்டு எழுதியவர்களின் மெயில்கள் அவரிடம்தான் இருக்கும். டாஸ்க்குகளும் அங்கேயே கிடைக்கும், நீங்கள் கற்பனை செய்ய வேண்டாம். படிவத்தைத் தொடங்கிப் பாதியில் விட்டவர்கள், அறிமுகக் கூட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள், வேறு கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்கள் எல்லோருமே பொருத்தமானவர்கள். அழைக்கும் முன் இரண்டு கேள்வி போதும்: அடுத்த ஒரு வருடத்துக்குள் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் உண்டா, எங்கள் தளத்தை இதற்கு முன் பார்த்திருக்கிறீர்களா.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. விண்ணப்பிக்கப் போகிறவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தால், அதை அவர் நேர்முகத் தேர்வாகவே எடுத்துக்கொள்வார். குழப்பமான பக்கத்தைப் பார்த்தும் "ரொம்பத் தெளிவா இருக்கு சார்" என்பார். ஒருவர் யாரும் கேட்காமலே துறையின் நோக்க அறிக்கையைச் சத்தமாகப் படித்துப் பாராட்டினார்! அதனால் சேர்க்கைக் குழுவில் இருப்பவர் சோதனையை நடத்தக் கூடாது, பதிவையும் பார்க்கக் கூடாது. இதனால் சேர்க்கையில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்பதை வாயாலும் சொல்லுங்கள், ஒப்புதல் படிவத்திலும் எழுதுங்கள். அன்பளிப்பு இருந்தால் பாதியில் எழுந்து போனாலும் கொடுத்துவிடுங்கள். முடிவுகளைக் கட்டுரையாக வெளியிடும் எண்ணம் இருந்தால், முதல் ஆளை அழைக்கும் முன்பே உங்கள் நிறுவனத்தின் ஆய்வு நெறிக் குழுவிடம் போங்கள். பின்னால் அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

சொந்த மாணவர்களைத் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. பாடப் பதிவு, ஆய்வேடு சமர்ப்பிக்கும் படிவம், கால அட்டவணை எல்லாம் அவர்களுக்கான பகுதிகள். அவற்றை அவர்களை வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

ஐந்து பேர் போதும் என்று நிறுத்திக்கொள்வது

இந்த எண் வந்த வழியைப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். யூசபிலிட்டி ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லேண்டவரும் 1993-இல் வெளியிட்ட கணக்கில், ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களை வெளிக்கொண்டு வருகிறார். அதன்படி ஐந்து பேரில் சுமார் 85 சதவீதம் வந்துவிடும். 2000-இல் நீல்சன் இதைப் பரப்பியபோது, பதினைந்து பேருக்குப் பணம் இருந்தால் ஐந்தைந்தாக மூன்று சுற்று நடத்தி நடுவில் திருத்துங்கள் என்றும் சொன்னார். ஐந்தை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் அந்தப் பாதியை விட்டுவிட்டார்கள்.

ஐந்து பேரும் ஒரே மாதிரிப் பயனராக இருக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம். வெளிநாட்டு விண்ணப்பதாரர் ஒருவர், பகுதிநேரமாகப் படிக்க விரும்புபவர் ஒருவர், பெற்றோர் ஒருவர் என்று கலந்து ஐந்து சேர்த்தால் அந்தக் கணக்கு பொருந்தாது. பத்தில் ஒருவருக்கு மட்டும் வரும் சிக்கல் ஐந்து பேரில் ஒருவரிடமாவது தென்பட 41 சதவீத வாய்ப்புதான். காலக்கெடு எந்த நேர மண்டலத்தில் என்று எழுதாதது அந்த வகை. வெளிநாட்டவரைக் கூப்பிடாத சோதனையில் அது வெளியே வராது.

ஹோம்பேஜிலிருந்தே தொடங்குவது

யார் அப்படி வருகிறார்கள்? கூகுளில் தேடி, நடுப்பக்கம் ஒன்றில் நேராக வந்து விழுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் மொபைலில். சில சமயம் விழுவது இரண்டு வருடம் பழைய பிடிஎஃப் ஒன்றில். அதில் தளத்தின் மெனுவும் இல்லை, எந்த வருடத்துக்கானது என்ற குறிப்பும் இல்லை. ஒரு டாஸ்க்காவது தேடல் பெட்டியிலிருந்து தொடங்கட்டும், அதுவும் அவருடைய சொந்த ஃபோனில்.

மெனுவில் உள்ள சொல்லையே டாஸ்க்கில் போடுவது

மெனுவில் 'தகுதி வரம்பு' என்று இருக்கும்போது "தகுதி வரம்பைக் கண்டுபிடியுங்கள்" என்று கேட்டால், அவர் சொல்லுக்குச் சொல் பொருத்திவிட்டுப் போவார். "நீங்கள் பி.காம். முடித்தவர். இதில் சேர முடியுமா?" என்று கேளுங்கள். முதல் கிளிக் எங்கே விழுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பாதிச் செய்தி அதிலேயே இருக்கும்.

நடுவில் உதவுவது

வாயை மூடிக்கொள்ளுங்கள். "இதை எங்க அழுத்தணும்?" என்று கேட்டால், "நான் பக்கத்துல இல்லைன்னா என்ன பண்ணியிருப்பீங்க?" அவ்வளவுதான்.

"தளம் பிடிச்சிருக்கா?"

கேட்காதீர்கள்.

மதிப்பெண்ணைத் தூக்கிப் பிடிப்பது

தளத்தைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிதாக இருந்தது என்று பயனரிடமே கேட்கும் எஸ்யூஎஸ் (சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்) என்ற பத்துக் கேள்விப் படிவத்தை ஜான் புரூக் 1986-இல் உருவாக்கினார். பூஜ்யத்திலிருந்து நூறு வரை மதிப்பெண் வரும், ஆனால் அது சதவீதம் இல்லை. பொதுவாகச் சொல்லப்படும் சராசரி 68. எதைத் திருத்த வேண்டும் என்று அது சொல்லாது. ஐந்தாறு பேரிடம் வாங்கி, பழைய தளத்துக்கு 64, புதியதற்கு 71 என்று துறைத் தலைவரிடம் காட்டுவது வெறும் அலங்காரம்.

உங்கள் கையில் இல்லாததைச் சோதிப்பது

மேல்பட்டை, தேடல் பெட்டி, அடிப்பகுதி எல்லாம் பல பல்கலைக்கழகங்களில் மைய டெம்ப்ளேட்டில் இருப்பவை. விண்ணப்பப் படிவம் வேறொரு அலுவலகத்துடையது. எந்தப் பக்கத்தை யார் மாற்ற முடியும் என்று இணையக் குழுவோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டு, அதன் பிறகு டாஸ்க் எழுதுங்கள். மாற்ற முடியாத இடத்திலும் சிக்கல் வரத்தான் செய்யும். அதைத் தனித்தாளில், அந்த அலுவலகத்தின் பெயர் போட்டு, இரண்டு நிமிட வீடியோத் துண்டோடு அனுப்புங்கள். முழு அறிக்கையை அங்கே யாரும் திறக்கமாட்டார்கள். வீடியோவைப் பார்ப்பார்கள்.

தேதியைப் பார்க்காமல் திட்டமிடுவது

சேர்க்கை திறப்பதற்கு முந்தைய வாரம் சோதனை நடத்தினால் திருத்த நேரமிருக்காது. இரண்டு மாதம் முன்னதாக ஒரு சுற்று வையுங்கள். சேர்க்கை திறந்த முதல் வாரத்தில் ஒருங்கிணைப்பாளருக்கு வரும் மெயில்களைப் படியுங்கள். அடுத்த சுற்றுக்கான டாஸ்க்குகளை அவற்றிலிருந்து எடுங்கள்.