நிறத்தைத் தட்டில் மட்டுமல்ல, உடம்பிலும் சேர்ப்பது எப்படி?

தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் இருந்தாலும், மதிய உணவில் நாம் காணும் நிறங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: சம்பா அரிசிச் சோற்றின் சிவப்பு, சிவப்புச் சீரைத் துவரனின் (தேங்காய் போட்ட கீரைப் பொரியல்) கருஞ்சிவப்பு, மத்தங்காய் (பரங்கிக்காய்) எரிசேரி என்னும் தேங்காய்க் கூட்டின் ஆரஞ்சு, மோர்க்குழம்பின் மஞ்சள். இந்த நிறங்களைத் தரும் தாவர நிறமிகள் உடலுக்கு நல்லவை என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் அந்த நிறமி வயிற்றுக்குள் போய்ச் சேருமா, வடிநீரோடு வெளியே போகுமா என்பதைத் தீர்மானிப்பது சமைக்கும் முறை என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. சமையலில் புதிதாக இறங்கியிருப்பவர்களுக்காக அதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: நிறம் எதில் கரைகிறது என்று பாருங்கள்

இரண்டு வெள்ளைக் கிண்ணங்களை எடுத்து, ஒன்றில் வெந்நீரும் மற்றொன்றில் கை பொறுக்கும் சூட்டில் தேங்காய் எண்ணெயும் சிறிது ஊற்றுங்கள். இரண்டிலும் ஒரு தேக்கரண்டி துருவிய கேரட்டைப் போட்டுக் கால் மணி நேரம் வைத்தால், எண்ணெய் மஞ்சளாவதையும் தண்ணீர் பெரிதாக நிறம் மாறாமல் இருப்பதையும் காணலாம். இதையே பீட்ரூட்டைக் கொண்டு செய்தால், தண்ணீர் சிவக்கும். எண்ணெய் அப்படியே இருக்கும்.

இனிச் சொல்லப்போகும் பெரும்பாலானவை இந்தச் சோதனையிலிருந்து பிறப்பவைதாம். கேரட், மத்தங்காய், பழுத்த மாம்பழம், ஏத்தன் (நேந்திரம்) பழத்தின் சதை ஆகியவற்றில் உள்ள கரோட்டினாய்டுகள், தக்காளியின் லைகோபீன், மஞ்சளின் குர்குமின், இலைகளின் பச்சையம் ஆகியவை எண்ணெயில் கரையும். பீட்ரூட்டின் பீட்டாலைன், நாவற்பழம், கறுப்புத் திராட்சை, கத்தரிக்காய்த் தோல் ஆகியவற்றின் ஆந்தோசயனின் ஆகியவை தண்ணீரில் கரையும்.

படி 2: சீரையைத் துவரன் வையுங்கள்

மற்ற ஊர்களில் தண்டுக்கீரை என்று அழைக்கப்படுவதைத்தான் நாங்கள் சீரை என்கிறோம். அதன் சிவப்பு வகையை நான் முதலில் பரிந்துரைப்பதற்குக் காரணம், இரு வகை நிறமிகளும் அதில் சேர்ந்தே இருக்கின்றன என்பதுதான். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு, தண்ணீரில் கரையும் பீட்டாலைன். அதற்குப் பின்னால் பச்சையமும், பீட்டா கரோட்டினும், லூட்டினும் மறைந்திருக்கின்றன. லூட்டின் நம் கண்ணின் விழித்திரையிலேயே, பார்வை கூர்மையாக விழும் நடுப்பகுதியில் சேர்ந்து நிற்கும் நிறமி. பீட்டா கரோட்டினை உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. அந்த வைட்டமின் குறைந்தால் மாலைக்கண் வரும். குழந்தைகளின் பார்வையே போய்விடக்கூடும் என்பதால்தான் 1970-இல் இந்திய அரசு அவர்களுக்கு வைட்டமின் ஏ மருந்து கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நிறமிகளின் பயன்களில் ஐயத்துக்கு இடமின்றி உறுதியானது இதுவே என்பதால், இதற்கு முதலிடம் தருகிறேன்.

சீரையை நறுக்குவதற்கு முன்பே கழுவிவிடுங்கள். நறுக்கிய பின் கழுவினால் சிவப்பில் ஒரு பகுதி கழுநீரில் போய்விடும். வாணலியில் இரண்டு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி, கடுகு, வற்றல் மிளகாய், சின்ன வெங்காயம் தாளித்து, சீரையைப் போட்டு மூடி, அதில் ஒட்டியிருக்கும் நீரிலேயே ஐந்து நிமிடம் வேகவிடுங்கள். தனியாக வேகவைத்து நீரை வடிக்கும் வழக்கம் இருந்தால் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். கடைசியில் ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவலைச் சேர்த்துக் கிளறி இறக்குங்கள். தேங்காய் ருசிக்காக மட்டும் சேர்வதன்று. கொழுப்பு இல்லாமல் கரோட்டின் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. கொழுப்பு சேர்ந்தாலும், உணவிலுள்ள 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டினிலிருந்து உடலுக்கு 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ கிடைப்பதாகவே கணக்கிடுகிறார்கள். அதனால் எப்போதாவது ஒருநாள் சாப்பிடுவது போதாது.

சிறுநீரகக் கல் உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் சீரையின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். முதலாமவர்களுக்கு அதிலுள்ள ஆக்சலேட்டும், இரண்டாமவர்களுக்கு வைட்டமின் கே-யும் தொல்லை தரலாம்.

படி 3: மத்தங்காயையும் தக்காளியையும் நன்றாக வேகவிடுங்கள்

பச்சையாகத் தின்றால்தான் சத்து என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. வேகும்போது செல்சுவர்கள் உடைந்து கரோட்டினும் லைகோபீனும் வெளிவருகின்றன. தேங்காய் வறுத்துப் போட்ட எரிசேரி இதற்கு மிகப் பொருத்தமானது.

படி 4: மஞ்சளை எண்ணெயில் சேர்த்து, மிளகைத் துணைக்கு வையுங்கள்

மஞ்சள்தூளைத் தாளிப்பின்போது, அடுப்பைத் தணித்துவிட்டு எண்ணெயில் சேருங்கள். குர்குமின் தானாக இரத்தத்தில் ஏறுவது மிகவும் குறைவு. பெங்களூரில் நடந்து 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது, அது உடலில் சேரும் அளவு ஏறத்தாழ 20 மடங்கு ஆயிற்று. ஆனால் மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கிறது. ஒரு தேக்கரண்டித் தூளில் 100 மில்லிகிராம்கூடத் தேறாது. ஆகவே மிளகு சேர்ப்பது நல்லது என்பேன். குழம்பிலுள்ள மஞ்சள் நோயைக் குணமாக்கும் என்று சொல்ல மாட்டேன்.

படி 5: கஞ்சித்தண்ணீரைக் கொட்டாதீர்கள்

சம்பா அரிசியின் சிவப்பு தவிட்டில் இருக்கிறது. அதிகம் தீட்டாத அரிசியாகப் பார்த்து வாங்குங்கள். வேகும்போது நீரில் இறங்குவது வீணாகாமல் இருக்க, வடித்த நீரை உப்புப் போட்டுக் குடியுங்கள்.

படி 6: சோடாவைத் தள்ளிவையுங்கள்

எல்லையோர ஓட்டல்களில் தரும் பதிமுகம் என்னும் மரத்துண்டைப் போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்புத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் அது மஞ்சளாகும். ஆரத்திக்குக் கரைக்கும் மஞ்சள்நீர் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். புளிப்புக்கும் காரத்தன்மைக்கும் ஏற்ப நிறமிகள் இப்படி மாறுகின்றன. கீரை பளிச்சென்று பச்சையாக இருக்கச் சிலர் சமையல் சோடா போடுகிறார்கள். நிறம் நிற்கும், ஆனால் தயமின் என்ற வைட்டமினும் வைட்டமின் சி-யும் அழியும்.

படி 7: மாத்திரையைத் தேடிப் போகாதீர்கள்

பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது. புகைபிடிப்பவர்கள் வீட்டில் இருந்தால் இதை அவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். மத்தங்காயும் கேரட்டும் அவர்களும் தாராளமாகச் சாப்பிடலாம்.

பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீர் சிவந்து போகும். அது செரிக்காத பீட்டாலைன் வெளியேறுவது, அஞ்ச வேண்டியதில்லை. பீட்ரூட்டை நிறுத்தி இரண்டு நாள் ஆகியும் சிவப்பு மாறவில்லை என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.