பாதுகாப்பு கவுன்சிலில் நிரந்தர இடம்: ஆதரவுச் செய்தியை எடைபோடுவது எப்படி?

வெளிநாட்டுத் தலைவர்கள் புதுதில்லிக்கு வந்து திரும்பும்போது, ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் இந்தியா நிரந்தர உறுப்பினராக அவர்கள் ஆதரவு தெரிவித்ததாகச் செய்தி வருவது வழக்கம். அந்த ஆதரவின் எடையை அறிய விரும்புவோர், செய்தித் தலைப்பை ஒதுக்கிவிட்டு, முதலில் அறிக்கையின் வாசகத்தைத் தேடிப் படிக்க வேண்டும்.

2010 நவம்பரில் நம் நாடாளுமன்றத்தில் உரையாற்றிய அன்றைய அமெரிக்க அதிபர் ஒபாமா, இந்தியாவை நிரந்தர உறுப்பினராகக் கொண்ட, சீர்திருத்தப்பட்ட கவுன்சிலை எதிர்நோக்குவதாகக் கூறினார். 2011 ஏப்ரலில் சீனாவின் சான்யா நகரில் வெளியான பிரிக்ஸ் கூட்டமைப்பின் அறிக்கையோ, ஐ.நா.வில் மேலும் பெரிய பங்காற்ற வேண்டும் என்ற இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா ஆகியவற்றின் விருப்பத்தைச் சீனாவும் ரஷ்யாவும் புரிந்துகொண்டு ஆதரிப்பதாக மட்டுமே சொன்னது. 'நிரந்தர உறுப்பினர்' என்ற சொல் அந்த வாக்கியத்தில் இல்லை. ஒபாமாவின் வாக்கியத்திலும் 'சீர்திருத்தப்பட்ட' என்ற சொல்லைக் கவனியுங்கள். சீர்திருத்தம் நடக்கும்வரை அந்த இடமே கிடையாது.

அடுத்து, வீட்டோ (நிரந்தர உறுப்பினர் ஒருவர் தனித்தே தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரம்) பற்றி என்ன சொல்லப்படுகிறது என்று பாருங்கள். இந்தியா, பிரேசில், ஜெர்மனி, ஜப்பான் ஆகிய நான்கும் 2005-இல் முன்வைத்த வரைவு, கவுன்சிலை 25 இடங்களாக விரிவாக்கி, புதிய நிரந்தர உறுப்பினர்கள் 15 ஆண்டுகளுக்கு வீட்டோவைப் பயன்படுத்தாமல் இருக்க இசைந்தது. ஆப்பிரிக்க ஒன்றியம் வீட்டோவுடன் கூடிய இடங்களையே கேட்டது. இரு தரப்பும் இணையாததால் அந்த வரைவு வாக்கெடுப்புக்கே வரவில்லை. இத்தாலி, பாகிஸ்தான் முதலிய நாடுகள் புதிய நிரந்தர இடங்களையே எதிர்க்கின்றன.

பலர் தடுமாறும் இடம் வாக்குக் கணக்கு. புதிய இடங்களைச் சேர்க்க ஐ.நா. சாசனத்தையே திருத்த வேண்டும். அதன் 108-ஆம் பிரிவின்படி, பொதுச் சபையின் 193 உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கினர், அதாவது 129 நாடுகள், திருத்தத்தை ஏற்க வேண்டும். அங்கே யாருக்கும் வீட்டோ இல்லை. பின்னர் அதே அளவு நாடுகள், ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் (அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ்) உட்பட, தத்தம் நாட்டின் சட்டமுறைப்படி அதற்கு ஒப்புதல் அளிக்க வேண்டும். ஐவரில் ஒருவர் ஒப்புதலை நிறுத்தி வைத்தாலும் திருத்தம் நடைமுறைக்கு வராது. எனினும் வல்லரசின் முதல் மறுப்பே முடிவு என்று கொள்ள வேண்டியதில்லை. கவுன்சிலை 11-லிருந்து 15 இடங்களாக்கும் தீர்மானத்தை 1963-இல் பிரான்சும் சோவியத் ஒன்றியமும் எதிர்த்து வாக்களித்தன. அமெரிக்காவும் பிரிட்டனும் நடுநிலை வகித்தன. 1965-க்குள் அனைவருமே ஒப்புதல் அளித்துவிட்டனர். அன்று கூடியவை நிரந்தரமற்ற இடங்கள்தாம் என்றாலும், பெரும்பான்மை நாடுகள் ஒன்றுபட்டு வாக்களித்தபின் மறுப்பது எளிதல்ல என்பதை அந்நிகழ்வு காட்டுவதாகவே நான் கருதுகிறேன்.

ஆகவே ஆதரவு தரும் நாடு, கவுன்சில் சீர்திருத்தம் குறித்து ஐ.நா.வில் 2009 முதல் நடந்துவரும் அரசுகளுக்கிடையிலான பேச்சில் என்ன செய்கிறது என்பதையும் பாருங்கள். எழுத்து வரைவை முன்வைத்துப் பேச வேண்டும் என்று இந்தியா நெடுங்காலமாகக் கேட்டு வருகிறது. அந்தக் கோரிக்கைக்குத் துணைநிற்கும் நாட்டின் ஆதரவுக்கே, விருந்து மேடையில் கூறப்படும் வாழ்த்தைவிட எடை அதிகம்.