'வின் ஹேண்ட்ஸ் டவுன்': ஆங்கில மரபுத்தொடரின் வேரைத் தேடும் முறை

ஒரு மொழிபெயர்ப்பில் 'வின் ஹேண்ட்ஸ் டவுன்' என்பதைக் "கைகளைத் தாழ்த்தி வென்றார்" என்று எழுதிவிட்டுப் பிறகு திருத்த நேர்ந்தது. அப்போது நான் கற்ற வழிமுறையை, இத்துறையில் புதிதாக நுழைவோருக்காக எழுதுகிறேன்.

முதல் படியாக, தனிச்சொற்களை ஒதுக்கிவிட்டு, அத்தொடர் வரும் நான்கைந்து விளையாட்டுச் செய்திகளைப் படியுங்கள். சிரமமே இல்லாமல், எதிராளி நெருங்க முடியாதபடி வெல்வதே அதன் பொருள் என்பது விளங்கிவிடும்.

இரண்டாவதாக, மேற்கோள்களைக் காலவரிசையில் தரும் அகராதியை நாடுங்கள். 1884இல் முதற்பகுதி வெளிவந்து 1928இல் நிறைவுற்ற ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியையே நான் முதலில் திறப்பேன். சான்று காட்டாமல் கதை மட்டும் சொல்லும் இணையதளங்களை நம்பி எதையும் எழுதுவதில்லை.

மூன்றாவது படியில்தான் நான் இடறினேன். சீட்டாட்டத்தில் ஒருவர் கையிலுள்ள சீட்டுகளையும் ஆங்கிலத்தில் 'ஹேண்ட்' என்பதால், வெற்றி உறுதியானவர் அவற்றை மேசைமேல் விரித்துவைப்பதிலிருந்தே இத்தொடர் பிறந்தது என்று முடிவுகட்டியிருந்தேன். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த சான்றுகள் என்னைக் குதிரைப் பந்தயத்துக்கே அழைத்துச் சென்றன. ஆகவே, ஊகம் எவ்வளவு பொருத்தமாகத் தோன்றினாலும், பழைய மேற்கோளில் யார், எங்கே, என்ன செய்கிறார் என்று பார்த்த பின்னரே அதை ஏற்க வேண்டும்.

அடுத்து, அந்தச் செயலின் இயக்கத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பந்தயத்தின் இறுதிக் கட்டத்தில் ஜாக்கி (பந்தயக் குதிரையை ஓட்டுபவர்) கடிவாள வாரை இறுக்கிப் பிடித்து, குதிரையின் கழுத்தசைவுக்கு ஏற்பக் கைகளை முன்தள்ளி அதை விரட்டுவார். பின்னால் வரும் குதிரைகள் வெகுதூரத்தில் இருந்தால், விரட்டத் தேவையின்றிக் கைகளைத் தாழ்த்தி, வாரைத் தளர்த்தியபடியே எல்லைக் கம்பத்தைக் கடப்பார். தாழ்ந்த கைகள் உறுதியான வெற்றிக்கு அடையாளமானது இப்படித்தான். பந்தயத்துக்கு வெளியே இத்தொடர் பரவியது பின்னர்தான். இன்றைய பிரிட்டிஷ் பந்தயத்தில், முன்கூட்டியே கைகளைத் தாழ்த்தி இடத்தைப் பறிகொடுக்கும் ஜாக்கி தற்காலிகத் தடைக்கு உள்ளாவார் என்பது இந்த விளக்கத்துக்கு மேலும் உயிரூட்டுகிறது.

கடைசியாகத் தமிழாக்கம். 'வாகை சூடினார்' என்பது வெற்றியைச் சொல்கிறது, எளிமையைச் சொல்லவில்லை. 'ஊதித் தள்ளினார்' பேச்சுக்குப் பொருந்தும், கட்டுரைக்குப் பொருந்தாது. முயற்சியின் களைப்பு இல்லாமையையே குறிக்கும் 'அநாயாசமாக வென்றார்' என்பதையே நான் தேர்ந்தேன்.

பின்சேர்க்கை: போட்டியே இல்லாத இடத்தில், ஓர் உணவகத்தை 'ஹேண்ட்ஸ் டவுன்' சிறந்தது என்று எழுதியிருந்தால் என்ன செய்வது என்று வாசகர் ஒருவர் கேட்டார். அங்கே 'அநாயாசமாக' பொருந்தாது. 'ஐயத்துக்கு இடமின்றி' என்று எழுதுங்கள்.