லியோனார்டோவைப் பார்த்து நாம் தப்பாகக் கற்றுக்கொள்வது

மிலானில் இருந்த நாட்களில் லியோனார்டோ டா வின்சி செய்ய வேண்டிய வேலைகளைக் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறார். ஏறக்குறைய நம் வீட்டு மளிகைச் சீட்டு மாதிரிதான் இருக்கும். கணக்கு ஆசிரியரைப் பிடித்து, முக்கோணத்தின் பரப்புக்குச் சமமான சதுரம் வரைவது எப்படி என்று கேட்க வேண்டும். பிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியம்) பக்கம் பனிக்கட்டி மேல் எப்படி நடக்கிறார்கள் என்று தெரிந்தவரிடம் விசாரிக்க வேண்டும். தண்ணீர் வேலை தெரிந்த ஆளைத் தேடிப் பிடித்து, மதகும் கால்வாயும் பழுதுபார்க்கும் முறையைச் சொல்லச் சொல்ல வேண்டும். ஃபெராராவின் கோபுரச் சுவர் எப்படி எழுப்பப்பட்டது என்பதைப் பீரங்கிக்காரர் ஒருவரிடம் கேட்க வேண்டும்.

கேட்பதுதான் அந்தப் பட்டியலில் திரும்பத் திரும்ப வரும் வேலை.

ஐரோப்பாவில் பழைய கிரேக்க, ரோமக் கல்வியும் கலையும் மீண்டும் தழைத்த மறுமலர்ச்சிக் காலத்து மனிதர் என்றதும் நாம் சட்டென்று 'சகலகலாவல்லவர்' என்று சொல்லிவிடுகிறோம். பிறக்கும்போதே எல்லாம் தெரிந்து வந்தவர், யார் துணையும் இல்லாமல் சாதித்தவர் என்ற படம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. இதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. இந்தப் படத்துக்கு நிறம் சேர்த்தது 19-ஆம் நூற்றாண்டு. 1860-இல் சுவிட்சர்லாந்து வரலாற்றாசிரியர் யாக்கோப் புர்க்ஹார்ட் இத்தாலிய மறுமலர்ச்சி பற்றி எழுதிய நூல்தான் 'முழுமனிதர்' என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியது.

உண்மை நிலவரம் வேறு. 1452-இல் திருமண உறவுக்கு வெளியே பிறந்த லியோனார்டோவுக்கு முறையான லத்தீன் படிப்பு கிடைக்கவில்லை. 'படிக்காதவன்' என்று தன்னைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். பிளாரன்ஸில் வெரோக்கியோ என்ற சிற்பியின் பட்டறையில் சேர்ந்து தொழில் பழகினார். ஓவியம், சிற்பம், உலோக வார்ப்பு எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடந்த இடம் அது. நாற்பது வயதை ஒட்டிய காலத்தில் பள்ளிப் பையனைப் போல லத்தீன் சொற்களைப் பட்டியல் போட்டு எழுதிப் பழகினார். கணிதத்துக்கு லூக்கா பச்சோலி என்ற துறவி உதவினார். பச்சோலியின் நூலுக்கு லியோனார்டோ படம் வரைந்து கொடுத்தார்.

லியோனார்டோ பிறந்தபோது நாற்பதுகளில் இருந்த லியோன் பத்தீஸ்தா ஆல்பெர்த்தியும் இப்படித்தான். கட்டடக்கலை, ஓவியக் கோட்பாடு, கணிதம், நாடகம் என்று பல துறைகளில் எழுதியவர். அவரே எழுதியதாகக் கருதப்படும் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு சின்ன விவரம் உண்டு: கொல்லர், கப்பல் கட்டுபவர், ஏன், செருப்புத் தைப்பவரிடம்கூடப் போய் அவரவர் தொழிலின் நுணுக்கத்தைக் கேட்பாராம். கேட்டால் கௌரவம் குறைந்துவிடும் என்று அவர் நினைக்கவில்லை. அந்தக் காலத்து மனிதர்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பழக்கம்தான்.

அடுத்த தவறு, பல துறைகளில் கால் வைப்பதையே சிறப்பு என்று எடுத்துக்கொள்வது. திங்கள் பாட்டு, செவ்வாய் செஸ், புதன் கோடிங் என்று ஓடும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். பெற்றோரின் அக்கறையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் லியோனார்டோவிடம் துறைகள் ஒன்றுக்குள் ஒன்று போயின. 1507-08 குளிர்காலத்தில், பிளாரன்ஸின் சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையில், தனக்கு நூறு வயதாகிறது என்று சொன்ன முதியவர் ஒருவரோடு அவர் பேசிக்கொண்டிருந்தார். உடம்பில் தளர்ச்சி தவிர வேறு கோளாறு ஏதும் தெரியவில்லை என்றார் அந்தப் பெரியவர். சிறிது நேரத்தில், கட்டிலில் உட்கார்ந்தபடியே, அமைதியாக உயிர் போய்விட்டது. அவ்வளவு இனிமையான சாவுக்குக் காரணம் என்ன என்று அறிய லியோனார்டோ அந்த உடலை அறுத்துப் பார்த்தார். இரத்தக் குழாய்கள் தடித்துச் சுருங்கியிருந்ததை எழுதிவைத்தார். ஆற்றில் தண்ணீர் ஓடுவதை வருடக்கணக்கில் கவனித்த கண், குழாய்க்குள் இரத்தம் ஓடுவதையும் அப்படியே பார்த்தது. ஓவியரின் கை அதை வரைந்தது.

இதற்கு அவர் கொடுத்த விலையையும் மறைக்கக் கூடாது. 1481-இல் ஒப்புக்கொண்ட 'ஞானிகளின் வணக்கம்' ஓவியம் பாதியில் நின்றது. உலர்ந்த சுவரில் புது முறையைச் சோதித்து வரைந்த 'கடைசி இராவுணவு' அவர் உயிரோடு இருக்கும்போதே உதிரத் தொடங்கியது.

சரி, இனி இத்தாலிய மெய்யியலாளர் பிக்கோ டெல்லா மிராண்டோலா. மனிதனுக்கு நிலையான இடம் கிடையாது, அவன் தன்னைத் தானே செதுக்கிக்கொள்ளலாம் என்று கடவுள் ஆதாமிடம் சொல்வதாக ஓர் உரையில் எழுதியவர். தன்னம்பிக்கைப் பேச்சுகளுக்கு ரொம்பவும் வசதியான வரி. 'நீ நினைத்தால் எதுவாகவும் ஆகலாம்' என்று அதைச் சுருக்கிவிட்டால் பாதிதான் கையில் மிஞ்சும். மனிதன் விலங்கு நிலைக்குத் தாழவும் முடியும் என்று அதே இடத்தில் எழுதியிருக்கிறார். உயர வேண்டுமென்றால் முதலில் ஒழுக்கம், பிறகு தர்க்கம், இயற்கை பற்றிய அறிவு, கடைசியில் இறையியல் என்று படிப்படியாக ஏற வேண்டும். அந்த உரையை அவர் எழுதியது 1486-இல், 23 வயதில். 900 கருத்துகளை முன்வைத்து, ரோமில் எல்லா அறிஞர்களோடும் வாதம் செய்யத் திட்டமிட்டார். தொலைவிலிருந்து வருபவர்களின் பயணச் செலவைத் தானே தருவதாகவும் அறிவித்தார். எபிரேயம் கற்க யூத ஆசிரியர்களிடம் போனார். அரபு மெய்யியலையும் தேடினார். போப் எட்டாம் இன்னொசென்ட் குறுக்கிட்டதால் வாதம் நடக்கவே இல்லை. தன்னைச் செதுக்குவது என்றால் அவருக்கு ஊர் ஊராக ஆசிரியர்களைத் தேடுவது. தன் கருத்தை மற்றவர்கள் வெட்டிப் பேசுவதற்கு முன்னால் வைப்பது.

அவர் எழுத்தில் கடவுள் வந்துகொண்டே இருப்பதையும் கவனியுங்கள். மறுமலர்ச்சிச் சிந்தனையாளர்கள் மதத்தை உதறிவிட்டு மனிதனை நடுவில் வைத்தார்கள் என்பது பள்ளிப் பாடத்தின் சுருக்கம். பெரும்பாலானவர்கள் நம்பிக்கை உள்ள கிறிஸ்தவர்கள்.

கல்வி விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. அன்றைய மனிதவியல் கல்வி (ஹியூமனிசம்) என்பது இலக்கணம், பேச்சுக்கலை, கவிதை, வரலாறு, அறநெறி. ஊர்ச்சபையில் எழுந்து நேர்மையாகவும் தெளிவாகவும் பேசத் தெரிந்த ஆளை உருவாக்குவது அதன் நோக்கம். இத்தாலியின் மாந்துவா நகரில் 1423-இல் விட்டோரினோ த ஃபெல்த்ரே தொடங்கிய பள்ளியில் ஆட்சியாளரின் பிள்ளைகளோடு ஏழைப் பிள்ளைகளும் கட்டணமின்றிப் படித்தார்கள், விளையாடினார்கள். இன்றைக்கு இதைத் தனிமனித முன்னேற்றத் திட்டமாக மாற்றிக்கொள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இந்த லட்சியத்தின் கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது என்று நம்புவதும் தவறு. வெரோனாவின் இசோத்தா நோகரோலா ஆண்களுக்கு இணையாக லத்தீன் எழுதியவர். குவாரினோ என்ற புகழ்பெற்ற ஆசிரியருக்குக் கடிதம் போட்டார். நெடுநாள் பதில் இல்லை; ஊரில் கேலி. மறுபடியும் எழுதி, அந்த அவமானத்தை நேருக்கு நேர் சொன்னார். அதன் பிறகே பதில் வந்தது. பின்னாளில் பெயர் தெரியாத ஒருவர் அவருடைய ஒழுக்கத்தைப் பற்றி அவதூறு கிளப்பினார். அவர் திருமணம் செய்துகொள்ளாமல், வீட்டிலிருந்தபடியே படிப்பைத் தொடர்ந்தார். ஏவாளுக்குத்தான் ஆதாமைவிடக் குற்றம் அதிகமா என்ற விவாதத்தை 1451-இல் எழுதியதும் அவர்தான்.

கடைசியாக, இதற்கெல்லாம் வசதியும் ஓய்வும் வேண்டும் என்று ஒதுங்குகிறவர்களுக்கு பிளாரன்ஸ் அரசில் அதிகாரியாக இருந்த மாக்கியவெல்லியின் ஒரு நாளைச் சொல்கிறேன். 1512-இல் பதவி போய், 1513-இல் சிறையில் சித்திரவதைப்பட்டு, பிளாரன்ஸுக்கு வெளியே தன் பண்ணையில் இருந்தார். பகலில் விறகு வெட்டுவோரோடு தகராறு. அப்புறம் சத்திரத்தில் கசாப்புக்காரரோடும் மாவு அரைப்பவரோடும் சீட்டாட்டம். மாலையில் வீடு திரும்பி, சேறு படிந்த உடையை வாசலிலேயே கழற்றிவிட்டு, அரசவைக்குப் போகும் உடையை உடுத்திக்கொள்வார். பிறகு நான்கு மணி நேரம் பழைய நூல்களோடு. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அந்தப் பழைய மனிதர்களிடம் கேட்பேன், அவர்களும் பதில் சொல்வார்கள் என்று அந்த டிசம்பரில் நண்பருக்கு எழுதினார். அந்த உரையாடல்களில் கிடைத்ததைக் குறித்துவைத்து ஒரு சிறு நூல் எழுதியிருப்பதாகவும் அதே கடிதத்தில் சொல்கிறார். 'இளவரசன்' என்று இன்று நாம் படிப்பது அதைத்தான்.