ஆன்ட்ரப்ரனர்ஷிப் கோர்ஸ்ல பாதியில சோர்ந்து போகாம கடைசி ரெவ்யூ வரைக்கும் போறது எப்படி?

ஆன்ட்ரப்ரனர்ஷிப் கோர்ஸ்னா, டீமா ஒரு நிஜப் பிரச்சனையை எடுத்து அதுல ஒரு தொழில் தொடங்கிப் பாக்கற பேப்பர். மத்த பேப்பருக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் முதல் ரெண்டு வாரத்துல தெரியாது, நாலாவது வாரம் நல்லாவே தெரியும். மேத்ஸ்ல சம் வரலைன்னா பழைய கொஸ்டின் பேப்பர் இருக்கு, சீனியர் நோட்ஸ் இருக்கு, கடைசி ராத்திரி உக்காந்து படிச்சாக்கூட பாஸ் பண்ணிடலாம். இதுல அது எதுவும் கிடையாது, ஏன்னா நீங்க கையில எடுத்திருக்கற பிரச்சனைக்கு விடை பாடம் எடுக்கற சாருக்கே தெரியாது. வெளிய இருக்கற ஆளுங்ககிட்டதான் இருக்கு, அவங்கள்ல முக்கால்வாசி பேரு "இப்ப நேரமில்ல தம்பி"ன்னு அனுப்பிடுவாங்க. அங்கதான் நிறைய பேரு மனசு விட்டுடறாங்க. ஒருத்தர் மட்டும் உக்காந்து பிபிடி ரெடி பண்ணி மிச்ச நாலு பேரு பேரையும் சேத்துப் போட்டு ஒப்பேத்தற வேலையும் அங்கதான் ஆரம்பிக்குது.

முதல் தடவையா இந்த மாதிரி கோர்ஸ் எடுத்திருக்கறவங்களுக்கு நான் சொல்ல வர்றது இதுதான். பிடிவாதம் ஐடியா மேல வேண்டாம், வாரா வாரம் வெளிய போய் ஆளுங்களைப் பாக்கற வேலை மேல இருக்கட்டும். ஐடியா எத்தனை தடவை வேணா மாறட்டும், அந்த வேலை மட்டும் நிக்கக் கூடாது.

புரியறதுக்காக ஒரு டீமை கற்பனை பண்ணிக்குவோம். ரெக்கார்ட் சப்மிஷன் நேரத்துல காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடையில நிக்க இடமிருக்காது இல்லையா, அதுக்கு ஒரு ஆப் பண்றோம்னு நாலு பேரு கிளம்பியிருக்காங்க.

ஸ்டெப் 1: சோர்வு எப்ப வரும்னு இப்பவே காலண்டர்ல குறிச்சு வைங்க

முதல் தடவை அது வர்றது தெரியாத ஆளுங்ககிட்ட பேசப் போற வாரம். அடுத்தது முதல் ரெவ்யூ, அதாவது மார்க் போடற சார் மேடம் பேனல் முன்னாடி வேலையைக் காட்டற நாள், முடிஞ்ச சாயங்காலம். மூணாவது, இன்டர்னல் டெஸ்ட்டும் பிளேஸ்மென்ட் ட்ரைனிங்கும் ஒண்ணா வந்து நிக்கும்போது, வீட்லயும் "இதெல்லாம் எதுக்கு, ஒழுங்கா வேலைக்குப் படி"ன்னு சொல்லும்போது. இந்த மூணு வாரத்துக்கும் வேலையை முன்னாடியே பாதியா குறைச்சு பிளான் போட்டுடுங்க. எதிர்பார்த்த சோர்வு வந்தா "எனக்கு இது செட் ஆகாது"ன்னு தோணாது, இந்த வாரம் இப்படித்தான் இருக்கும்னு தாண்டிடுவீங்க.

ஸ்டெப் 2: ஐடியாவை கேள்வியா எழுதுங்க

"எங்க ஆப் கூட்டத்தைக் குறைக்கும்"னு எழுதினா, ஒருத்தர் வேணாம்னு சொன்னதும் நீங்க தோத்துட்ட மாதிரி ஆயிடும். "இந்தக் கூட்டத்தால யாருக்கு நஷ்டம், ஸ்டூடண்டுக்கா கடைக்காரருக்கா?"ன்னு எழுதுங்க. இப்ப அவர் என்ன சொன்னாலும் உங்களுக்கு ஒரு தகவல் கிடைச்சிருக்கு. சின்ன விஷயம்தான், ஆனா செமஸ்டர் முழுக்க மனசைக் காப்பாத்தறது இதுதான்.

ஸ்டெப் 3: வாரத்துக்கு அஞ்சு பேரை நேர்ல பாருங்க

கோர்ஸோட உயிரே இங்கதான் இருக்கு. அமெரிக்காவோட நேஷனல் சயின்ஸ் ஃபவுண்டேஷன் 2011ல ஐ-கார்ப்ஸ்னு ஒரு ட்ரைனிங் ஆரம்பிச்சாங்க, அதுல வர்றவங்க பெரிய பெரிய லேப்ல ஆராய்ச்சி பண்றவங்க, அவங்களையே ஏழு வாரத்துல 100 பேரைப் பாத்துப் பேசிட்டு வாங்கன்னு வெளிய அனுப்பறாங்க. நமக்கு செமஸ்டர்ல வாரம் அஞ்சு பேரு போதும்.

கூகுள் ஃபார்மை வாட்ஸப் குரூப்ல போட்டு நூறு ரெஸ்பான்ஸ் வாங்கிட்டோம்னு தயவுசெஞ்சு நிம்மதியாயிடாதீங்க. கோயம்புத்தூர் அருணாச்சலம் முருகானந்தத்தை எல்லாருக்கும் தெரியும், குறைஞ்ச விலையில சானிட்டரி நாப்கின் செய்யற மெஷினைக் கண்டுபிடிச்சவர், 2016ல பத்மஸ்ரீ வாங்கினவர். ஆரம்பத்துல அவர் மெடிக்கல் காலேஜ் பொண்ணுங்ககிட்ட நாப்கினைக் குடுத்து, கூடவே ஃபீட்பேக் ஃபார்மும் குடுத்தார். திரும்ப வாங்கப் போனா ரெண்டு மூணு பேரு உக்காந்து எல்லாருக்கும் சேத்து அவசர அவசரமா நிரப்பிட்டு இருந்திருக்காங்க. பேப்பர்ல வந்தது எதையும் நம்ப முடியாதுன்னு புரிஞ்சதும் ஃபுட்பால் பிளாடர்ல ஆட்டு ரத்தத்தை நிரப்பி தன் உடம்புலயே கட்டிக்கிட்டு டெஸ்ட் பண்ணினார். ஊரே பைத்தியம்னு பேசுச்சு, மனைவி கொஞ்ச காலம் பிரிஞ்சே போயிட்டாங்க. அத்தனைக்கும் நடுவுல அவர் தேடிட்டு இருந்தது பொய் கலக்காத ஒரு பதிலைத்தான். விடாமுயற்சிக்கு எனக்குத் தெரிஞ்சு இதைவிட நல்ல உதாரணம் பக்கத்துல இல்ல.

சரி, நேர்ல போய் என்ன கேக்கறது? "இப்படி ஒரு ஆப் வந்தா யூஸ் பண்ணுவீங்களா?"ன்னு கேக்கவே கேக்காதீங்க, நம்ம ஊர்ல யாரும் முகத்துக்கு நேரா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. நடந்து முடிஞ்சதைக் கேளுங்க. "அண்ணே, போன சப்மிஷன் அன்னிக்கு கடையில என்ன நடந்துச்சு? எவ்வளவு நேரம் கூட்டம் நின்னுச்சு? எத்தனை பேரு திரும்பிப் போனாங்க? அதுக்கு நீங்க என்ன பண்ணிப் பாத்தீங்க?" அப்புறம் வாயை மூடிட்டு கேளுங்க, ஐடியாவை விக்க ஆரம்பிச்சா அவர் பேச்சை நிறுத்திடுவார்.

நம்ம டீம் இப்படிக் கேட்டப்போ கடைக்கார அண்ணன், "ஃபைலெல்லாம் எல்லாரும் வாட்ஸப்ல அனுப்பிடறாங்கப்பா, எது யாரோடதுன்னு தேடறதுலதான் நேரம் போகுது, பிரிண்ட் எடுத்து வச்சா பாதிப் பேரு வாங்கவே வர்றதில்ல, பேப்பர் காசு எனக்கு நஷ்டம்"ங்கறார்னு வைங்க. ஆப்போட அவசியமே அந்த இடத்துல ஆட்டம் கண்டுடுச்சு. ஆனா அதைவிட நல்ல பிரச்சனை ஒண்ணு கையில வந்திருக்கு, அதுக்கு காசு குடுக்கத் தயாரா இருக்கக்கூடிய ஆளும் எதிர்ல நிக்கறார்.

ஸ்டெப் 4: "டைம் கிடைக்கும்போது பண்ணலாம்"கற வார்த்தையை எடுத்துடுங்க

டைம் கிடைக்காது. பீட்டர் கோல்விட்சர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் இதை ரொம்ப வருஷமா ஆராய்ச்சி பண்ணியிருக்கார், எப்ப, எங்க, எப்படின்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கறவங்க வெறுமனே "செய்யணும்"னு நினைக்கறவங்களைவிட அதிகமா செஞ்சு முடிக்கறாங்கங்கறதுதான் அதோட சாராம்சம். அதனால "வியாழக்கிழமை கடைசி ஹவர் முடிஞ்சதும் பேகோட நேரா பஸ் ஸ்டாப் எதிர்ல இருக்கற கடைக்குப் போறோம்"னு எழுதுங்க. மழை பெஞ்சா என்ன, கடை பூட்டியிருந்தா என்னன்னு அதுக்கும் பக்கத்துலயே எழுதிடுங்க.

ஸ்டெப் 5: வெள்ளிக்கிழமை நாலு வரி

இந்த வாரம் யாரைப் பாத்தோம், என்ன புதுசா தெரிஞ்சுது, எது பொய்யாச்சு, அடுத்து என்ன. அவ்வளவுதான். ஹார்வர்ட்ல தெரசா அமபைல் 238 பேரோட கிட்டத்தட்ட 12,000 டைரிக் குறிப்புகளைப் படிச்சுப் பாத்ததுல, வேலை செய்யறவங்களுக்கு உற்சாகம் குடுக்கறதுல முதல் இடத்துல இருந்தது அர்த்தமுள்ள வேலையில கொஞ்சம் முன்னேறினோம்கற உணர்வுதான். எழுதி வைக்கலைன்னா அந்த முன்னேற்றம் நம்ம கண்ணுக்கே தெரியாது.

ஸ்டெப் 6: சீக்கிரமா பத்து ரூபா வாங்குங்க

ஆப் முடியட்டும், லோகோ வரட்டும்னு காத்திருக்காதீங்க. ஸ்டான்ஃபோர்ட்ல டினா சீலிக் தன் ஸ்டூடண்ட்ஸுக்கு ஒரு கவர்ல 5 டாலர் வச்சுக் குடுத்து, ரெண்டு மணி நேரத்துல இதை எவ்வளவு பெருக்கறீங்கன்னு பாக்கலாம்னு அனுப்பினாங்க. அதிகமா சம்பாதிச்ச டீம் அந்த 5 டாலரைத் தொடவே இல்ல. கிளாஸ்ல பிரசென்ட் பண்ண தங்களுக்கு இருந்த மூணு நிமிஷத்தை, அங்க படிக்கறவங்களை வேலைக்கு எடுக்க நினைச்ச ஒரு கம்பெனிக்கு 650 டாலருக்கு வித்துட்டாங்க. கையில என்ன காசு இருக்குன்னு பாக்காம, யாருக்கு எது வேணும்னு பாத்தாங்க.

ஜெராக்ஸ் டீமுக்கும் ஆப் வேண்டாம். ஃபைல் அனுப்ப ஒரு வாட்ஸப் நம்பர், ஒரு யூபிஐ க்யூஆர், பேரும் ரோல் நம்பரும் எழுதின சீட்டு. முதல்ல காசு, அப்புறம் பிரிண்ட், சாயங்காலம் ஹாஸ்டல் வாசல்ல டெலிவரி, ஒரு ஆர்டருக்கு பத்து ரூபா. முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் பத்து ரூபா குடுக்கற அன்னிக்கு உங்களுக்கு வர்ற தெம்பை எந்த மோட்டிவேஷன் வீடியோவும் குடுக்காது, இதை நான் அடிச்சுச் சொல்லுவேன்.

ஸ்டெப் 7: ரெவ்யூவும் டீமும்

பேனல்ல திட்டு விழுந்தா அன்னிக்கே எதையும் மாத்தாதீங்க, சொன்னதை அப்படியே எழுதிட்டு வந்து தூங்குங்க. மறுநாள் பாத்தா ரெண்டு வகையா பிரியும், கஸ்டமர்கிட்ட போய் சரிபார்க்கக் கூடியது, வெறும் அபிப்ராயம். முதல் வகையை மட்டும் அடுத்த வாரத்துக் கேள்வியா மாத்துங்க. சாரும் மேடமும் உங்களுக்கு மார்க் போடறவங்க, வாங்கறவங்க இல்ல, மார்க் போடறவங்க பேச்சுக்கும் வாங்கறவங்க பேச்சுக்கும் மரியாதை குடுங்க ஆனா ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

டீம்ல ஒருத்தர் காணாமப் போனா குரூப்ல குத்திப் பேசறதுல பிரயோஜனம் இல்ல. தனியா டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போய் கேளுங்க, பெரும்பாலும் அரியர் பயமோ வீட்டுப் பிரச்சனையோ இருக்கும். அரை மணி நேர வேலையா ஒண்ணு குடுத்துப் பாருங்க. அதுக்கப்புறமும் வரலைன்னா ரெவ்யூவுக்கு முன்னாடியே ஃபேகல்டிகிட்ட சொல்லிடறதுதான் எல்லாருக்கும் நியாயம்.

ஸ்டெப் 8: ஐடியாவை எப்ப விடணும்னு முதல்லயே எழுதி வைங்க

"பதினஞ்சு கடையைப் பாத்தும் ஒருத்தர்கூட காசு குடுக்கத் தயாரா இல்லன்னா பிரச்சனையை மாத்தறோம்" அப்படின்னு ஒரு வரி, நாலு பேரும் கையெழுத்து. அப்படி விட்டா அதுக்குப் பேரு தோல்வி இல்ல, கோர்ஸ் கேட்டதைத்தான் செஞ்சிருக்கீங்க. ரெவ்யூல அந்தப் பதினஞ்சு பேரு சொன்னதையும் தைரியமா காட்டுங்க.

செமஸ்டர் முடிஞ்சும் வியாபாரம் ஓடிட்டு இருந்தா, கிண்டியில இருக்கற தமிழ்நாடு அரசோட தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனத்துல என்னென்ன பயிற்சி நடக்குதுன்னு பாருங்க, உங்க காலேஜ்லயே இன்குபேஷன் சென்டர், அதாவது புதுத் தொழிலுக்கு ஆரம்பத்துல கை குடுக்கற இடம், இருந்தா முதல்ல அங்க போய்க் கேளுங்க. சின்னத் தொழில்களுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில இருக்கு, அதை அரசு வெப்சைட்ல ஆதாரையும் பான் கார்டையும் வச்சு நீங்களே பண்ணிக்கலாம், அதுக்கு கட்டணம் கிடையாது. ஆயிரம் ரெண்டாயிரம் கேக்கற ஏஜென்ட் யாராவது வந்தா குடுக்காதீங்க, அந்தக் காசுல இன்னும் நாலு ரிம் பேப்பர் வாங்கலாம்.